தொட்டி நிறைய ஐஸ் இருந்தது

பெல்வுட், ஜார்ஜியா
ஆகஸ்ட் 29

தம்பி ராய்ஸுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இப்போதைக்கு அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆனது. அதனால் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

முதலில் உன் மருமகனைப் பற்றி. கீயானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். சிறுநீரகம் இன்னும் வேலை செய்யவில்லை. ரத்தம் சுத்தம் செய்ய ஒருநாள் விட்டு ஒருநாள் டவுனுக்குக் கூட்டிப்போகிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதில் காலை நடையை மட்டும் வைத்துக்கொண்டு, சாயங்கால நடையை விட்டுவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பேச்சு தேடித்தேடித்தான் வருகிறது. நேற்று ஜன்னலைச் சாத்தச் சொல்ல நினைத்தான், 'ஜன்னல்' வரவில்லை. 'அந்த... காத்து வர்ற...' என்று சொல்லிவிட்டு, கட்டிலை ஓங்கி அடித்தான். கதவு நிலையில் தலை இடிக்குமே என்று நாம் பயந்த பையன், ராய்ஸ். பத்தொன்பது வயது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சவரம் செய்துவிட்டுக் கொண்டிருந்தேன். அப்போது சொன்னான்: "கோச்ச ஏமாத்திட்டேம்மா. இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு. முடிச்சிருக்கணும்." கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தன் உடம்பு இப்படி ஆனதற்கு, தான் கோழை என்பதுதான் காரணம் என்று என் பிள்ளை நம்புகிறான். யார் சொல்லிக் கொடுத்தது இதை?

அந்த கோச் டன்னிங் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். நீயும் பக்கத்தில் இருந்தாய். நான் செய்த பீச் பழப் பணியாரத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இனிமே இவன் என் புள்ளைம்மா" என்றார். ஃபுட்பால் ஆட எத்தனையோ கல்லூரிகள் அவனைக் கூப்பிட்டன. டீமில் பையன்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மாமா இருக்கிறான் என்றுதான் நான் அங்கே அனுப்பினேன். டன்னிங்கை நம்பி இல்லை. உன்னை நம்பி.

கல்லூரி வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். 'மாணவர் தமக்கு உடல்நலமில்லை என்று யாரிடமும் தெரிவிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, மருத்துவ ஊழியர் தன் கண்ணில் எதுவும் படவில்லை என்று சொன்னதாகவும் போட்டிருக்கிறார்கள். அந்த ஊழியர் நீ. நானும் அதை நம்பியிருப்பேன். ஆனால் சனிக்கிழமை வெண்டெல் வந்தான்.

வெண்டெலைத் தெரியும் உனக்கு, கீயானின் அறைத்தோழன், முன்வரிசையில் ஆடுகிற குண்டுப் பையன். யாரிடமும் சொல்லாமல் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். என் சமையலறையில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னான்.

யாரோ மூன்று பேர் வகுப்புக்குப் போகவில்லையாம். அதற்கு மொத்த டீமுக்கும் தண்டனை. காலைப் பயிற்சி முடிந்து களைத்திருந்தவர்களை, உச்சி வெயிலில், உடம்புக் கவசத்தோடு குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டிருக்கிறார் டன்னிங். தண்ணீர் வண்டியைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவைக்கச் சொன்னாராம். கீயானின் கால் ஒன்றோடொன்று பின்ன ஆரம்பித்ததும் வெண்டெலும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் அவன் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டன்னிங், "விடுங்கடா அவன. தூக்கிட்டு ஓடுனீங்கன்னா எல்லாரும் மொதல்லேர்ந்து ஓடணும்" என்றாராம். விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

அப்புறம்தான் கீயான் உன் பக்கம் திரும்பியிருக்கிறான். மைதானத்தில் நீ அவனுக்கு 'மிஸ்டர் ராய்ஸ்' மட்டும்தான். மற்றவர்கள் சலுகை என்று பேசக்கூடாது என்று நீயே வைத்த விதி. ஒருநாளும் மீறாதவன் அன்று எல்லோர் காதிலும் விழ, "மாமா" என்று கூப்பிட்டானாமே. ஒரு தடவை இல்லை.

நீ ஈரத் துண்டோடு ஓடிவந்தாய் என்றான் வெண்டெல். டன்னிங் தலையைக்கூடத் திருப்பவில்லை. "ராய்ஸ், அக்கா மவன்னா உனக்கு உருகத்தான் செய்யும். போயி உன் எடத்துல நில்லு." நீ கொஞ்சம் நின்றாய். பிறகு திரும்பிப் போனாய்.

கீயான் விழுந்த பிறகும் 'நடிக்கிறான், எழுந்திருப்பான்' என்று நிழலில் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, வெயிலில் சுருண்டவர்களை இறக்கிக் குளிரவைக்கிற தொட்டி. நிறைய ஐஸ். காலையில் நீ உன் கையால் கொட்டிய ஐஸ். விழுந்த உடனே அதில் இறக்கியிருந்தால் பையன் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்திருப்பான் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

டன்னிங் ஜெயிக்க வேண்டும் என்று அலைகிற மனிதர், அவர் ஓடவைப்பார். அதனால்தான் 'போதும், நிறுத்து' என்று சொல்ல இன்னொரு ஆளைச் சம்பளம் கொடுத்து அங்கே நிறுத்துகிறார்கள். உனக்கு அங்கே இருந்த வேலையே அந்த ஒரு வார்த்தைதான். உனக்கு முன்னால் இருந்தவர் ஒருநாள் பயிற்சியை நிறுத்தப் போய், இப்போது நீச்சல் குளத்தில் துண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நீ வசந்தத்தில் சொன்னாய். தெரியும். வீட்டுக் கடன், இரண்டு பெண் குழந்தைகள், எல்லாம் தெரியும். துண்டு கொடுத்திருக்கலாம், ராய்ஸ். அதில் ஒன்றும் குறைந்து போயிருக்க மாட்டாய்.

டன்னிங் ஆஸ்பத்திரிக்கு வந்தார், எல்லோரும் கையெழுத்துப் போட்ட பந்தோடு. என் தம்பியிடம் அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒங்க தம்பி ரொம்ப விசுவாசமான ஆளும்மா" என்றார். பந்தை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன். விசுவாசமாம்.

ஊரும் லேசுப்பட்டதில்லை. கடையில் பில் போடுகிற பெண், "சீசன் முடியட்டுமே வெர்லீன், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறாள். பாஸ்டர் என் பிள்ளைக்கும் அந்த கோச்சுக்கும் ஒரே மூச்சில் ஜெபம் செய்கிறார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியிலிருந்து வக்கீல்கள் குழு ஒன்று வந்து அடுத்த மாதம் மறுபடி எல்லோரையும் விசாரிக்கப் போகிறதாம். வெண்டெல் சொல்வதாக இருக்கிறான். சொன்னால் அவன் இடம் போகும், படிப்பு உதவித்தொகை போகும். இருபது வயதுப் பையன் முன்னால் போய் நிற்கிறான். நீ அவன் பின்னாலாவது நில். அதற்குப் பிறகு இங்கே வந்து, கீயானின் முகத்தைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொல். நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்கிறான். பார்த்தவன் நீ.

உன் குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்கட்டும்.

அக்கா
வெர்லீன்


பெல்வுட்
ஜனவரி 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். விசாரணையில் உண்மையைச் சொன்னவனுக்கு அந்த வாரமே 'ஆட்குறைப்பு' என்று சீட்டு. டன்னிங்குக்குக் கடைசி ஆட்டம்வரை மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. அப்புறம் 'இருதரப்பும் பேசி எடுத்த முடிவு' என்று நன்றி சொல்லி வழியனுப்பினார்கள். 'நாம் எல்லோரும் இதிலிருந்து பாடம் கற்றோம்' என்கிறார் கல்லூரித் தலைவர். எல்லோருமா? ஆட இடமில்லாமல் பென்ச்சில் உட்கார்ந்து வெண்டெல் எந்தப் பாடத்தைக் கற்றான்? டி.வி.யை அணைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினேன். ஒரு தட்டு உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தேன் என்றே வைத்துக்கொள்.

நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தன்று நீ வந்துபோனதைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. நான் வாசல் நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எதையும் குறைக்கவில்லை. கோச் சொன்னது, நீ நின்றது, தொட்டி, எல்லாம் சொன்னாய். கீயான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "அப்ப... நான் பாதியில விட்டுட்டு உக்காரல" என்றான்.

"இல்லடா. நாந்தான் திரும்பிப் போனேன்" என்றாய்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நீ சாப்பிடாமலே காரை எடுத்தாய். நான் தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

அன்றிலிருந்து அவனுக்குக் கோபம் வருகிறது. டன்னிங் மேல், உன் மேல், மருந்து கொடுக்கிற என் மேலும். கத்துகிறான். கத்தும்போது வார்த்தைகள் தடுமாறாமல் வருகின்றன, அதைக் கவனித்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு படுத்துக் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல். கல்லூரி மேல் வழக்குப் போட நாம் வைத்திருக்கிற வக்கீலிடம் தானே பேச வேண்டும் என்கிறான். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "என் பேரு கீயான். நான் உதவி கேட்டேன்" என்று சொல்லிச் சொல்லிப் பழகுகிறான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்கிறேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் இல்லை. ஆனால் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

நேற்று செய்தியில் பார்த்தேன். டன்னிங்கை ஓக்லஹோமாவில் ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டுவிட்டது. புது நிறத்தில் டை கட்டிக்கொண்டு, 'பிள்ளைகளின் பாதுகாப்புதான் எனக்கு முதல்' என்றார். பின்வரிசையில் ஒரு சின்னப் பெண், இடுப்பில் மருந்துப் பை, அந்த டீமின் உடம்பைப் பார்க்கிறவள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். எல்லோரும் கை தட்டும்போது அவளும் தட்டினாள். அவளையும் ஒருநாள் அவர் 'உன் எடத்துல நில்லு' என்பார். அப்போது அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியைக் கூப்பிட்டு அவள் பெயரைக் கேள். அவளிடம் பேசு. நீ யார், என்ன செய்யாமல் விட்டாய், எதையும் மறைக்காதே. வேலை போனாலும் மனுஷன் சாவதில்லை என்பதையும் சொல், நீ உயிரோடுதானே இருக்கிறாய். கோடை வெயில் ஏறுவதற்குள் பேசிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைகளுக்கு என் முத்தம். கர்த்தர் இனி எப்போதும் உன் வாயைத் திறந்தே வைத்திருக்கட்டும்.

உன் அக்கா
வெர்லீன்