பெடோஸ் வீட்டு ஏற்றத்தில் நிற்கும் கார்

கிளன், ஷ்ராப்ஷயர்
11 மார்ச் 1979, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஐவருக்கு,

அக்கா ஆல்வென் எழுதுகிறேன். ஃப்ரீமேன்டிலில் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே போன வாரம்தான் பனி உருகியது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அத்தானின் சின்னக் காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நவம்பரிலேயே வேலை முடிந்துவிட்டது. கப்பல் ஏறும் முன் பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து நீ வாங்கிக் கொடுத்தாயே, அந்த எட்டு சிலிண்டர் இன்ஜின், அது உள்ளே உட்கார்ந்துவிட்டது. சுலபமாக உட்காரவில்லை. பழைய இன்ஜினை விட ஒரு முழம் நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளி, இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த தகட்டை அறுத்து, புதுத் தாங்கிகளை வெல்டிங் செய்து, முன்மூடி மூடாததால் அதையும் வெட்டி மேடு வைத்தார். கறிக்கடை டியூடர் பார்த்துவிட்டு, "என்னப்பா லெனர்ட், ஆட்டுக்குட்டி வயித்துக்குள்ள காளை மாட்டைத் திணிச்சிருக்கியே" என்றார். உன் அத்தான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வார நாட்களில் அவர் எப்போதும் போலத்தான் நூலக வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஞாயிறு மதியம் மட்டும் சின்னக் கார். முதல் ஞாயிறு நானும் போனேன். பக்கத்துக் கிராமமான நியூகாசலுக்குப் போகும் சாலையில், ஒரு வீட்டு இரும்புக் கதவுக்கு எதிரே ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பெரிய இன்ஜினின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது என்றார். பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. அடுத்த ஞாயிறும் அதே கதவு. அதற்கடுத்த வாரம் குழாயை மாற்றினார், அன்றும் அதே இடம். ஜனவரியில் ஓடை உறைந்து கிடந்த நாளில்கூட அங்கேதான் நின்றது. அன்று அவர் ஹாரனை அழுத்தினார், ஐவர். இருபத்திரண்டு வருடத்தில் யாரையும் பார்த்து ஹாரன் அடிக்காத மனிதர், கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கதவத் திறக்கச் சொல்லு அவள" என்றார். அது அவர் குரல் இல்லை. அதற்குப் பிறகு நான் அவரோடு போகவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழன், அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் மியூரியல் பெடோஸ். அந்த இரும்புக் கதவு வீட்டுக்காரி. உட்காரக்கூட இல்லை. "உங்க வீட்டுக்காரர் தங்கமானவர்னு எல்லாரும் சொல்றாங்க. தயவு செஞ்சு அந்தச் சத்தத்த எங்க வாசலுக்குக் கொண்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. பதினெட்டு வருஷம் அதக் கேட்டு நடுங்கியிருக்கேன்" என்றாள்.

அவள் கணவன் ரோலண்டின் பெரிய காரில் இருந்த இன்ஜின் அது. அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். இருவரும் கொட்டகைக்குப் போய் இன்ஜினில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தோம். ஒரு எண் பிசகவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அவள் தன் முன்பல்லைக் காட்டினாள், அது கட்டிய பல். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, குடித்துவிட்டு வந்து கதவுக்கு வெளியே ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். "நான் திரைக்குப் பின்னால நின்னேன். திறக்கல. கத்திக்கிட்டே இருந்தான். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு" என்றாள். மாரடைப்பு. வண்டி பின்னால் உருண்டு ஓடையில் விழுந்து வால் பக்கம் நசுங்கியது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு டாக்டரின் வண்டி என்று நீ சொன்னாய். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை, தம்பி.

அத்தானிடம் அன்றே சொன்னேன். விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். ஞாயிறு வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டார்.

போன ஞாயிறு காலை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே சுழலும் சின்னத் துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்? மதியம் அவர் போய் உட்கார்ந்தார். முதல் தடவையிலேயே கிளம்பியது. வேறு ஒன்றை வாங்கி வைத்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பி வந்து அவர் கை கழுவும்போது போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் தண்டு. இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே பார்.

நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்துவிட்டார். அதற்குமேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் என் கையைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ, எங்க விழுந்தே?" என்று கேட்டார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. அவரேதான் இந்தக் கட்டையும் போட்டுவிட்டார், அவ்வளவு மெதுவாக.

இப்போது மணி மூன்று. அவர் வெளியே போயிருக்கிறார். வருவதற்குள் முடிக்க வேண்டும்.

புதன்கிழமை அவர் நூலக வண்டியோடு கிளம்பியதும், மியூரியலும் நானும் பஸ் ஏறி அபெரிஸ்ட்வித்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அந்த முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடு. இந்த வீட்டுக்கு எழுதாதே, போன் செய்யாதே.

கோடையில் எல்லோரும் வருவதாக எழுதியிருந்தாய். கோடை வரை பொறுக்காதே. நீ மட்டும் வா, குழந்தைகள் வேண்டாம். அந்த இன்ஜினை வெளியே எடுக்க அவர் வேறு யாரையும் கிட்ட விடமாட்டார், உன்னை விடுவார். வார நாளில் வந்து எடு. எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரோடு இரு. அங்கே இருப்பது யார் என்று நன்றாகப் பார். உன் அத்தான்தான் என்றால் எனக்கு ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

கடவுள் உன் குழந்தைகளை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். உன் அத்தானையும்.

உன் அன்பு அக்கா,
ஆல்வென்