வலிக்கிறதா? நல்ல செய்தி!

மார்ச் 4, செவ்வாய்

விழுந்து ஐந்து மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியால் குத்திப் பார்த்தார்கள், தெரியவில்லை. ஆனால் ஒரு வாரமாகப் பாதம் இரண்டும் கொதிக்கிற தகரத்தில் வைத்தது போல் எரிகின்றன. வேலைக்கே வராதவன் சம்பள நாளில் மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பது போல.

மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பிக்குப் போன் போட்டாள். பத்தே நிமிடத்தில் கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றான் மச்சான்.

“வலிக்குதா மாமா? நெஜமாவா? சூப்பர் மாமா!”

வலிக்கிறது என்று சொல்லிப் பாராட்டு வாங்கியது வாழ்க்கையில் இதுவே முதல் முறை.

மார்ச் 6, வியாழன்

தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். “உயிர் இல்லாத கால் வலிக்குமா? நரம்பு முழிக்குது!” மாடியில் இருக்கும் தையல்காரர் இறங்கி வந்து கையைக் குலுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். பல்லைக் கடித்தது வலியால். அவர் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஏ.சி. ரிப்பேர் கடை எங்கள் இருவருடையது. என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை அவன். “நீங்க ஏணி ஏறுற வரைக்கும் நான் ஒத்தையாவே சமாளிப்பேன்.” என்ன பெருந்தன்மை!

விழுந்த அன்று, முதல் மாடி ஜன்னலுக்கு வெளியே யூனிட்டைக் கழற்ற நான் இறங்கினேன். என்னைத் தாங்கும் கயிற்றைக் கட்டியது அவன். முடிச்சு அவிழ்ந்தது. இதைப் பற்றி நாங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கால் நடந்துவிட்டால் பேசவே வேண்டாம், அல்லவா?

மார்ச் 11, செவ்வாய்

மின்விசிறிக் காற்று இடுப்பில் பட்டால் சூடு போட்டது போல் இருக்கிறது. ஊருக்கெல்லாம் காற்று விட்டவன் நான்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி. மனைவியும் வந்தாள். டாக்டரம்மா, “பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?” என்றார். எட்டு என்றேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் பத்துக்கு எட்டு எடுத்ததில்லை.

“அப்போ நரம்பு திரும்ப வருதா டாக்டர்?” என்றேன்.

பேனாவை மூடி மேசையில் வைத்தார். டாக்டர்கள் பேனாவை மூடினால் சங்கதி சரியில்லை.

“தண்டுவடத்துல அடிபட்டதும் அங்க இருக்குற காவல் செல்கள் ஓடி வந்து குப்பையை அள்ளும். வேலை முடிஞ்சதும் அடங்கணும். சிலருக்கு அடங்குறதில்லை. செல்லோட உருவமே மாறிப்போய், பக்கத்துல இருக்குற நரம்பைச் சீண்டிக்கிட்டே இருக்கும். கால்லேர்ந்து ஒரு சேதியும் வராது. ஆனா ‘கால் எரியுது’ன்னு மூளைக்குத் தகவல் போய்க்கிட்டே இருக்கும்.”

புரிந்தது. ஆபரேஷனுக்கு ஒத்தாசையாக ரெண்டு நாள் இருக்கிறேன் என்று வந்த என் சித்தப்பா, ஐந்து மாதமாகக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டிலும் அதேதான், முதுகிலும் அதேதான்.

மனைவி மெல்லக் கேட்டாள். “அப்போ இந்த வலி, கால் வர்றதுக்கு அடையாளம் இல்லையா?”

“இல்லம்மா. ஆனா வலி நெஜம். குறைக்கலாம். மொத்தமா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்.”

திரும்பும்போது ஆட்டோவில், “தம்பிகிட்ட நான் சொல்லவா?” என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சொல்லவில்லை. புது மாத்திரை. வலியைத் தூங்க வைக்கும் என்றார்கள். வலி விழித்திருக்கிறது, நான்தான் தூங்குகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

மச்சான் இரும்புக் கம்பிகளைத் தானே வெல்டிங் செய்து, பிடித்து நடப்பதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தான். கூடத்தின் நடுவில் வைத்தான். என் சக்கர நாற்காலி அந்தப் பக்கம் போக வழியில்லை. “இன்னும் ரெண்டே மாசம் மாமா!”

கால் எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா வேறு கை தட்டினார்.

“கால் வராதுடா! இது வேற வலி. டாக்டர் சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு. நீ போட்ட முடிச்சு அவுந்துச்சு — அதுக்கு நான் எழுந்து நடந்து காட்டணுமா?”

அவன் செருப்பை மாட்டினான். போய்விட்டான். ஹெல்மெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? இடுப்புக்கு மேலே எல்லாம் நன்றாக வேலை செய்கிறது — முக்கியமாக வாய்.

ஏப்ரல் 7, திங்கள்

வரவில்லை. மனைவி என்னோடு பேசுகிறாள். மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நானே போன் செய்தேன். “ஏ.சி. சர்க்யூட் போர்டு ஏதாவது எரிஞ்சு கிடந்தா எடுத்துட்டு வா. என் கைக்கு ஒண்ணும் ஆகல.”

வந்தான். மூன்று போர்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் வற்றிப்போயிருந்தது.

“மாமா, அன்னைக்கு ரெண்டாவது முடிச்சு நான் போடல. அடுத்து போக வேண்டிய வீட்டுக்காரர் போன் மேல போன். அவசரப்பட்டுட்டேன்.”

“தெரியும். நானும் இழுத்துப் பாக்காமத்தான் இறங்கினேன்.”

ஆறு மாதமாகத் தொண்டையில் கிடந்தது இரண்டு வாக்கியம். அவன் அழுதான். நான் அழவில்லை. சரி, கொஞ்சம்.

போகும்போது அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 24, வியாழன்

மாத்திரையின் அளவை மாற்றினார்கள். வலி ஆறு. “எப்படி வலிக்குது மாமா?” என்று முதல் தடவையாகக் கேட்டான். அரை மணி நேரம் சொன்னேன். கேட்டதற்கு வருந்தியிருப்பான். ஆனால் எழுந்து போகவில்லை.

மே 9, வெள்ளி

ஜன்னலோரம் உயரம் குறைந்த மேசை போட்டிருக்கிறோம். இந்த வாரம் ஏழு போர்டு சரி செய்தேன். அவன் மாட்டிவிட்டு வருகிறான். கூட ஏணி பிடிக்க ஒரு ஆளைச் சேர்த்திருக்கிறான்.

இன்று மத்தியானம் ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது எரிச்சல் திடீரென்று ஏறியது. ஒரு சொட்டு போர்டில் தவறி விழுந்தது. மச்சான் சால்டரிங் அயர்னை என் கையிலிருந்து வாங்கி அணைத்தான். விசிறியையும் நிறுத்தினான். தரையில் உட்கார்ந்தான். வேர்த்து ஊற்ற இருவரும் சும்மா இருந்தோம்.

இருபது நிமிடம் இருக்கும்.

“போச்சா மாமா?”

“போகல. குறைஞ்சிருக்கு.”

“சரி” என்று சொல்லி, அயர்னை மறுபடி சூடேற்றினான்.