டிக்கியில் இருக்கும் அம்மி

ஜெயபாரதி அப்பாவுக்கு,

இட்லியைத் தட்டு போட்டு மூடி வச்சிருக்கேன். சட்னி கிடையாது. அம்மி எங்கே இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

பொங்கலுக்கு வந்த என் தம்பி வெள்ளைத்துரை பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்ததால்தான் கார் அந்தப் பக்கம் சாய்ஞ்சுபோச்சுன்னு, நம்ம உஸ்மான் ரோடு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொன்னீங்க. அதைச் சரிக்கட்ட என் அம்மியைத் தூக்கி டிக்கியில் வலது பக்கம் வச்சீங்க. அன்னையிலிருந்து அம்மி தினமும் உங்களோட பீச்சுக்குக் காரில் போகுது. தம்பி பஸ்ஸில் வர்றான்.

இன்னைக்கு அவன் வந்ததும் அம்மியை இறக்கச் சொன்னேன். காலி வண்டியை என் தையல் டேப்பால் ரெண்டு பக்கமும் அளந்தோம். இடது பக்கம் ரெண்டு விரல் தாழ்வு. தெரு சரிவுன்னு சொல்வீங்களேன்னு வண்டியைத் திருப்பி நிறுத்தியும் அளந்தோம். அப்பவும் இடதுதான். கீழே டார்ச் அடிச்சுப் பார்த்தா, இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிஞ்சு, முறிஞ்ச இடம் துருவேறிக் கிடக்கு. அது பொங்கலுக்கு ரொம்ப முந்தின துரு.

நாளைக்கு ராயப்பேட்டை மெக்கானிக் கரீமுல்லா பாய்கிட்ட வண்டியை விடுங்க. அவர்கிட்டயும் தம்பி கதையை ஆரம்பிக்காதீங்க.

நாங்க கபாலி கோயிலுக்குப் போறோம், பஸ்ஸில்.

வடிவு

பி.கு. அளந்து முடிச்சதும் அம்மியை மறுபடி டிக்கியிலேயே வைக்கச் சொல்லிட்டேன். வச்சவங்கதானே எடுக்கணும். தேங்காய் துருவி, மிளகாயோட கிண்ணத்தில் வச்சிருக்கேன். இறக்க முடியலைன்னா டிக்கியிலேயே அரைச்சுக்குங்க. அரைக்கும்போது மட்டும் இடது பக்கம் சாயாதீங்க. அப்புறம் தெருவில் உங்களைத்தான் சொல்வாங்க.