பெட்டிக்கு நெய்த நாடா

மேலப்பாளையம்
14.9.1996

மச்சானுக்கு ஸலாம். நானும் மவளும் சுகம்.

பம்பாயிலேர்ந்து நீங்க குடுத்துவிட்ட பெட்டியைத் தாவூது காக்கா திங்கக்கிழமை கொண்டாந்து தந்தாவ. டீ கூடக் குடிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டாவ.

பெட்டியில பூட்டு நிக்கல. ஆறு வருசத்துக்கு முன்னால உங்க பெட்டியில கட்டுறதுக்குன்னு ஒரு நாடா நெய்ய ஆரம்பிச்சேனே, ஞாபகம் இருக்கா? மிஞ்சிக் கெடந்த நம்ம கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, மூலைக்கு மூலை ஓட்டை போட்டு நூல் கோத்த அட்டைங்க; அதைத் திருப்பத் திருப்பத்தான் நாடா நெய்யும். நீங்க அந்தப் பெருநாளைக்கு வரலைன்னதும் பாதியில சுருட்டி வச்சுட்டேன். இப்ப எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலயும் மறு முனையை இடுப்புலயும் கட்டிக்கிட்டு உக்காந்தேன்.

அட்டையை ஒரே பக்கமாத் திருப்பித் திருப்பி நெய்ஞ்சதுல, பின்னால நூலெல்லாம் முறுக்கேறிக் கெடந்துச்சு. இன்னும் ஒரு திருப்பு திருப்பினா அறுந்துரும். எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் முறுக்கு விடும். ஆனா அங்கனயிருந்து நாடாவுல விழுற அம்பு டிசைனும் எதிர்ப்பக்கம் பாக்கும். மவ பாத்துட்டு, "தப்பாப் போவுது உம்மா"ன்னா. போவட்டும்னுட்டேன்.

நேத்து முடிஞ்சுது. இங்கன கெடந்த உங்க கைலி, சட்டை, சவரப் பெட்டி எல்லாத்தையும் உள்ள வச்சாச்சு. நாளைக்குக் காக்கா பம்பாய்க்குத் திரும்பையில வந்து எடுத்துக்கிடுவாவ. நாடாவை இறுக்கித்தான் கட்டுவேன்.

மவளுக்கு வாங்கின துணிக்கு நடுவுல ஒரு கைக்கொழந்தைச் சட்டை தவறி வந்திருந்துச்சு. மவளுக்கு எட்டு வயசு ஆவுது. அதைத் துவைச்சுப் பெட்டியில மேலாக்க வச்சிருக்கேன். பட்டன் ஒண்ணு விழுந்திருந்துச்சு, தச்சுட்டேன்.

இப்படிக்கு,
உங்க மூத்த மவளோட உம்மா