பதிலுக்காக நிற்கும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உலான்பாத்தரிலிருந்து கெரெல்மா வணங்கி எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? குளிருக்கு முன் ஆடுகள் கொழுத்துவிட்டனவா?

நான் நலம். கவலைப்பட ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் ஒன்று இருக்கிறது. இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் என் கால்நடை மருத்துவப் பாடமெல்லாம் இணையவழிதான். காலி அறையில் கேமரா முன் பேசிப் பதிவு செய்கிறேன். கேள்வி கேட்டதும், பழக்கதோஷம், பதிலுக்காக நின்றுவிடுகிறேன். முன்பெல்லாம் முன்வரிசை முந்திக்கொண்டு கத்துமே!

கணினிப் பிரிவு பாட்தோர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், பாதிப் பாடம் ஊமைப்படமா ஓடுது?" என்று அதையெல்லாம் வெட்டிவிட்டார்.

மறுநாளே உயாங்கா என்ற மாணவி, சிக்னலுக்காக மலையேறி போன் செய்தாள். "டீச்சர், கேள்வி கேட்டுட்டு நிப்பீங்களே, அதை ஏன் எடுத்தீங்க? பாடத்தைப் போன்ல இறக்கி வச்சு ஆடு மேய்ச்சுக்கிட்டே கேப்பேன், அப்பத்தான் நான் பதில் சொல்லுவேன். ஆட்டுக்கு வயிறு உப்பினா எந்தப் பக்கம் தட்டணும்னு கேட்டீங்க, இடது பக்கம்னு கத்தினேன். மந்தையே திரும்பிப் பாத்துச்சு!"

பாட்தோர் முனகிக்கொண்டே திரும்பச் சேர்த்தார்.

இதைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநரிடமே உலர்ந்த தயிர்க்கட்டியும் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புங்கள். வண்டி கிளம்பப்போகிறது. இன்னொன்று, போனில் குரல் பதிந்து அனுப்பும்போது சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள். போன தடவை "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டு, நான் எதிரே இருப்பதுபோல் காத்திருந்தீர்கள். அடுப்பு எரியும் சத்தம் கேட்டது.

தினமும் அதைப் போட்டு, அந்த நேரத்தில் "சாப்பிட்டேம்மா" என்கிறேன்.

உங்கள் கெரெல்மா