விழும் தராசு

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்ததுமே இரண்டு மேசைத் தராசு விற்றது. மத்தியானம் மனைவி சொன்னாள்: பதினாலாம் தேதி நூலக அரங்கில் மகள் பேசுகிறாளாம். கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் ஈர்ப்பு விசை – ஐந்து வருஷமாக அவள் குடைந்துகொண்டிருக்கும் விஷயம். "அப்பாவக் கூட்டிட்டு வராதம்மா" என்றாளாம்.

தப்பு என்னுடையதுதான். போன மாதம் அவளுடைய பேராசிரியை வீட்டுக்கு வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "முப்பது வருஷமா தராசு விக்கிறேன் மேடம். அந்த வெட்டவெளியில தராசு பூஜ்யம்தான் காட்டும். ஒண்ணுமே இழுக்காத இடத்துல இவ எதை நிறுக்கிறா?" பேராசிரியை சிரித்துவிட்டார். மகள் எழுந்து உள்ளே போனாள். மறுநாளே விடுதிக்குத் திரும்பிவிட்டாள்; அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

பதினோரு நாள் இருக்கிறது. விஷயம் புரியாமல் போய் உட்கார மாட்டேன்.

மார்ச் 4

அலமாரியில் அவளுடைய பழைய நோட்டு. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால்பங்கு. நாலால் வகுத்துக்கொண்டே போனேன். மூன்று தாள் தீர்ந்தது, பூஜ்யம் வரவில்லை. ஆக, எவ்வளவு தள்ளிப் போனாலும் இழுப்பு உண்டு. அப்புறம் ஏன் அங்கே தராசு பூஜ்யம் காட்டுகிறது?

மார்ச் 6

விளங்கவில்லை. சரக்கு வந்தது, இறக்கினோம்.

மார்ச் 9, திங்கள்

நோட்டின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'தராசும் சேர்ந்தே விழுந்தால்?'

போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான். ஸ்பிரிங் தராசில் ஒரு கிலோ எடைக்கல்லை மாட்டி, மாடிப்படி உச்சியில் நின்றேன். கீழே மெத்தை. கடை மெக்கானிக் போனில் படம் பிடித்தார்.

"முதலாளி, இதை யாராவது பாத்தா நம்ம கிட்ட தராசு வாங்குவாங்களா?"

"நீ போனை ஆட்டாம பிடிய்யா."

மனைவி: "ஏங்க, அது நாம படுக்கிற மெத்தைங்க!"

நாலாவது தடவை சரியாக விழுந்தது. வீடியோவை மெதுவாக ஓட்டினோம். கையில் இருக்கும்வரை முள் ஒன்றில். விட்டதும் – பூஜ்யம்! கல் மாட்டியபடியே இருக்கிறது. பூமி இழுப்பதால்தானே இரண்டும் விழுகின்றன? சேர்ந்தே விழுவதால் கல்லின் பாரம் தராசுக்குத் தெரியவில்லை. அந்த வெட்டவெளியிலும் இதே கதைதான்: இழுப்பு இருக்கிறது, தராசும் சேர்ந்தே விழுகிறது. அவ்வளவுதான்.

முப்பது வருஷமா என்னத்தடா வித்தே? முள்ளை நம்பி, பெத்த பிள்ளையக் கேலி பண்ணிட்டேனே.

மார்ச் 12

இரண்டு தடவை அவள் நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். நேரில்தான் சொல்ல வேண்டும். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன்.

மார்ச் 14, சனி

காலை எட்டு மணிக்கு மகளே கூப்பிட்டாள். மனைவி வீடியோவை அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

"அப்பா."

"நான் அன்னைக்குப் பேசினது தப்பும்மா."

"தெரியும். தராசு உடைஞ்சிருச்சா?"

"கண்ணாடிதான் விரிசல். முள் நல்லா ஆடுது."

"கொண்டு வாங்க. நான் பேசும்போது நீங்கதான் மேலேருந்து போடணும். மெத்தையும் வேணும்."

கடையில் புதுத் தராசு எத்தனையோ இருக்கிறது. வேண்டாம், விழுந்து பழகியதே வரட்டும். மெத்தை காருக்குள் நுழையவில்லை, கூரைமேல் கட்டியாகிவிட்டது. பார்க்கிறவர்கள் வீடு மாறுகிறோம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.