மாமாவுக்குச் சொல்லாத பதில்

ஜூன் 8, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே கூரைத் தகரம் சுடுகிறது. பெட்டி கட்டும் வேலை. இன்று சொல்லாதவை:

1. அம்மா, கம்பளி வேண்டாம், போவது கடலோர ஊர். (கம்பளி இப்போது பெட்டிக்குள்.)
2. வேலைக்கு விசாகப்பட்டினத்தை நானே கேட்டு வாங்கினேன் என்பது. பக்கத்திலேயே நெல்லூரிலும் இடம் இருந்தது.
3. மாமாவுக்குப் பதில்.

மூன்றாவது நடந்த விதம்: மதியம் மாமா மாங்காய் லோடு இறக்கிவிட்டு வந்தார். கைகால் கழுவிக்கொண்டு, நான் துணி மடிக்கிற அறையின் கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. ஆறு மாதம் முன்பு, கல்யாணப் பேச்சு எழும்வரை பாடிக்கொண்டே உள்ளே வருகிறவர்.

"தையில வெச்சிக்கலாம்னு அக்கா சொல்லிக்கினு கீது. உனக்கு எப்பிடி பாப்பா?"

துப்பட்டாவை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். கொஞ்சம் நின்றார், சிரித்தார், போய்விட்டார்.

எங்கள் பக்கம் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம். கேட்டவுடன் சரி என்கிற பெண்ணைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மடித்தேன். நாலு மணிக்குள் அம்மா அரக்கோணம் பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றும் பேசவில்லையாம். பெண் என்றால் பேசாதுதானாம்.

மாமாவுக்கு முப்பத்துமூன்று. எனக்கு இருபத்துநான்கு. அம்மாவின் ஒரே தம்பி. நைனா இறந்த வருடத்திலிருந்து எங்களோடு. நான் திருப்பதியில் படித்த ஐந்து வருடமும் விடிகாலையில் புத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை அவருடைய லோடு வண்டியில்தான். பஸ் புறப்படும் வரை வண்டியை எடுக்கமாட்டார். இரண்டு இடத்துப் பெண்ணை வேண்டாம் என்றார். எனக்காக என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவரை எனக்குப் பிடிக்கும். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள என்னால் முடியாது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுக்கொள்ளும் ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

பதினொரு புத்தகம் எடுத்து வைத்தேன். அம்மா நாலை வெளியே எடுத்து அந்த இடத்தில் ஊறுகாய் வைத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

திருப்பதி. கண்ணைத் திறக்க முடியாத வெயில். மலைக்குப் போக நேரமில்லை, அதனால் திருச்சானூர். வரிசையில் முன்னால் நின்ற அம்மாளிடம் அம்மா தெலுங்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: பெண்ணுக்கு வேலை, தையில் கல்யாணம், மாப்பிள்ளை என் தம்பியே. அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

தாயாரிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று யோசிக்கிறேன். ஒன்றுமில்லை. பாத்ரூம் எங்கே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன். பிளாட்பாரம் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். மாமா பெட்டியை சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். சாவியைக் கையில் தராமல் சீட்டில் வைத்தார். கடலில் முட்டிக்கு மேல் இறங்காதே என்றார். அவர் கடலைப் பார்த்தது ஒரே தடவை, மெட்ராஸில் தக்காளி லோடு இறக்கப் போனபோது.

வண்டி நகர்ந்த பிறகுதான் குதித்து இறங்கினார். அம்மா அவரைத் திட்டியது ஜன்னல் வரை கேட்டது.

ஜூன் 11, புதன்

வி.பட்டினம். மேகம். வெயில் இல்லாமலே வேர்க்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஹாஸ்டல் வரை ஆட்டோ, முக்கால் மணி. மேடு, பள்ளம், மேடு. ஒரு ஊருக்குள் இவ்வளவு ஏற்றம் இறக்கம் பார்த்ததில்லை. எல்லோரும் ஹாரனைக் கையெடுக்காமல் அடிக்கிறார்கள். 

மூன்றாம் மாடி. இரண்டு கட்டில். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டாங்க். டாங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறம். அதுதான் கடல் என்றாள் அறைத்தோழி. லாவண்யா. ஸ்ரீகாகுளம் பக்கம். நான் சேரப்போகும் இறால் கம்பெனியில்தான் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "மீரு அரவமா?" ஆமாம், தமிழ்தான், ஆனால் ரேஷன் கார்டு ஆந்திரா, பிறந்தது ஆந்திரா என்றேன். என் தெலுங்கைக் கேட்டால் சிரிப்பு வருகிறதாம். நிறுத்தாமல் பேசச் சொன்னாள். நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம்: வந்து சேர்ந்தேன், நல்ல இடம், சாப்பாடு பரவாயில்லை. கடைசி ஒன்று பொய்.

ஜூன் 13, வெள்ளி

வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை, குளோரின் தண்ணீரில் கை. இறால் உரிக்கும் கூடத்தில் நானூறு பெண்கள் இருப்பார்கள், எல்லோரும் நின்றுகொண்டு. என் இடம் அதைத் தாண்டி, கண்ணாடிக் கதவுக்குள், பரிசோதனைக் கூடம். இருபத்தைந்து கிராம் இறால், அரைத்து, கலக்கி, தட்டில் ஊற்றி, வெப்பப்பெட்டியில் நாற்பத்தெட்டு மணி நேரம். பிறகு முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். முன்பே வைத்திருந்தவற்றை எண்ணினேன். நன்றாக இருந்தது. புள்ளிகள் எதுவும் கேட்பதில்லை.

சோப்பு மூன்று தடவை. வாடை போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கடலைப் பார்த்தேன். பெரிதாக இருக்கிறது.

படித்ததில் எல்லாம் முதல் தடவை கடல் பார்க்கிறவர்களுக்கு ஏதாவது ஆகும். அழுவார்கள், ஓடுவார்கள், பேச்சு நின்றுவிடும். அரை மணி நேரம் காத்திருந்தேன். கால் வலித்தது. பேல்பூரி மாதிரி ஒன்றை இங்கே முரி மிக்சர் என்கிறார்கள். காரம். பஸ் பிடித்துத் திரும்பினேன்.

ஜூன் 19, வியாழன்

உப்புக் காற்று செய்தவை, ஒரு வாரத்தில்: துண்டு காயவில்லை. பெட்டிப் பூட்டில் செம்புள்ளி. அப்பளம் நமுத்தது. புத்தகத்தின் அட்டை மேலே சுருண்டுவிட்டது. என் தலைமுடி கயிறு மாதிரி.

பஸ்ஸில் பின்சீட்டில் தெலுங்கில் கேட்டது: "அவன் நல்லவன்டீ, அதுதான் கஷ்டம்." திரும்பிப் பார்த்தேன். யாரோ யாரையோ பற்றி.

ஜூன் 22, ஞாயிறு

மழை தூறல். அம்மா போன். மண்டபம் பார்த்தாயிற்றாம். புத்தூரில், மெயின் ரோட்டில், கார் நிறுத்த இடம் உண்டு. எங்கள் உறவில் யாரிடம் கார் இருக்கிறது என்று கேட்கவில்லை. மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மாம்பழக்கூழ் பேக்டரி வாசலில் மூன்று நாளாக வரிசையில் நிற்கிறது வண்டி, காய் பழுக்கத் தொடங்கிவிட்டது, இருந்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கிறான் என்றாள்.

லா. கேட்டாள், மாப்பிள்ளையா? மேனமாமா என்றேன், தெலுங்கில் தாய்மாமாவுக்கு அதுதான். ஓ என்றாள். விளக்க வேண்டியிருக்கவில்லை, அவர்களிலும் உண்டு. அவளுடைய அக்காவே அப்படித்தானாம். அவர் பேரென்ன என்றாள். தாமோதரம். இதுவரை என் வாயால் சொன்னதில்லை.

உனக்கு இஷ்டமா என்றாள். கொடியிலிருந்து துண்டை எடுத்து மடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஈரத் துண்டை ஏன் மடிக்கிறாய்?" என்றாள்.

ஜூன் 28, சனி

மாமா போன். நாளைக் காலை வருகிறாராம், சாயங்காலம் திரும்பிவிடுவாராம். சீசன் நடுவில், வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு. எதற்கு என்று கேட்டேன். "கடலு பாக்கத்தான்" என்றார்.

அறையைப் பெருக்கினேன். அவர் அறைக்கு வர முடியாது, இது பெண்கள் ஹாஸ்டல். இருந்தும் பெருக்கினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை எட்டு. வாசலில் மாமா. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை மல்கோவா. வார்டன் நோட்டில் பெயர், ஊர், நேரம் எழுதினார். உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தெலுங்கில் மேனமாமா என்று எழுதினார்.

பீச்சில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். மாமா ஆறடி, குனிந்தே நடந்தார். அடுக்கடுக்காகப் படுக்கை, அதில் பொம்மை ஆட்கள். இத்தனை பேருக்குக் கக்கூஸ் எத்தனை என்று வழிகாட்டியைக் கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டார். "பேக்டரி லைன்ல நின்னாக்கூட எறங்கி கால நீட்டிக்கலாம், பாப்பா. இவனுங்க எங்க போவானுங்க?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்து முதல் தடவை.

வெளியே வந்து கரைச் சுவரில் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பலூன் சுடும் கடை, குதிரை, காவலர்களின் விசில். மாமா செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார்.

"அன்னிக்கு நீ பேசல. நான் வெக்கம்னு நெனச்சிட்டேன்."

நான் கடலைப் பார்த்தேன்.

"அப்புறம் லைன்ல நிக்கசொல்ல அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். நீ எதுக்கும் வெக்கப்பட்ற ஆளு இல்லியே."

துப்பட்டா நுனியை மடித்தேன்.

"இப்ப கேக்கறேன். இஷ்டம்னா வாயத் தொறந்து சொல்லு. பேசலன்னா, நான் வேற மாதிரி எடுத்துக்கறேன். அன்னிக்கு மாதிரி இல்ல."

விசில். ஒரு குடும்பம் தண்ணீரிலிருந்து பின்வாங்கியது. பிள்ளைக்கு ஒரு செருப்பு போய்விட்டது, அதன் அப்பா அலைக்குள் கையை விட்டுத் தேடினார். மாமாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். இல்லை என்பதைச் சொல்லவா, மன்னியுங்கள் என்று சொல்லவா, தெரியவில்லை. மூடிக்கொண்டேன். செருப்பு கிடைக்கவில்லை.

எழுந்தார். பேன்ட்டில் மணலைத் தட்டினார்.

"செரி. சோளம் துன்றியா?"

துன்றேன் என்றேன். சுட்ட சோளம், எலுமிச்சை, மிளகாய்த்தூள். இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம், நாளைக்கு வேலை இருக்கிறது உனக்கு என்றார். ஆட்டோவில் ஏறி, பழம் பழுத்துவிட்டது, இரண்டு நாளைக்குள் தின்றுவிடு என்றார்.

இப்போது மணி ஆறு. அழுகை வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பூட்ஸ் கழுவ வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

புழுக்கம். கம்பெனி பஸ்ஸில் இருக்கும்போது அம்மா போன். மாமா இன்னும் வீடு சேரவில்லை. "நூலு குடுத்து அனுப்சேனே, மோதரத்துக்கு வெரலு அளவு எடுத்தானா?"

நூலைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. இல்லையம்மா என்றேன். கடலைப் பார்த்ததும் மறந்திருப்பான் என்று சிரித்தாள்.

மல்கோவா: லா. நான்கு, வார்டன் இரண்டு, நான் ஒன்று.

ஜூலை 1, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். நேற்று மாமா வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், தனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று. அம்மா அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "தூக்கி வளத்த புள்ளக்கா. எனக்கு மனசு வரல."

வேறு யாராவது இருக்கிறாளா என்று அம்மா கேட்டாளாம். இருக்கட்டும் என்றாராம். இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் இருக்கிறாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அம்மா அழுதாள். எனக்காக அழுதாள். "நீ ஒடஞ்சி போயிடாத கண்ணு. அவன் என் தம்பியே இல்ல."

போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அம்மா, அவர் இல்லை, நான்தான். சொல்ல வேண்டியது நாலே சொல். சரிம்மா என்றேன். தட்டுகளை வெளியே எடுக்கும் நேரம் ஆகியிருந்தது.

ஜூலை 3, வியாழன்

லா.விடம் சொன்னேன், முழுதாக. கேட்டுவிட்டு, உன் அம்மாவிடம் இன்றைக்கே சொல் என்றாள். கடுமையாகத்தான் சொன்னாள். நியாயம்.

சாயங்காலம் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். குரல் கம்மியிருந்தது. "துன்னியா?" என்றாள். துன்னேன் என்றேன். மழையா என்றாள். மழை என்றேன். வைத்துவிட்டேன். மாமாவுக்கும் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

காற்று. கப்பல்கள் எங்கேயோ ஊதுகின்றன. துணி துவைத்தேன், காயாது.

பெரியம்மா போனில் சொன்னது: மாமா நாலு நாளாக பேக்டரி வாசலில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்கிறார். நேற்றுக் காலை அம்மா அவருடைய சட்டைகளையும் தட்டையும் டம்ளரையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டு வாசலில் வைத்துவிட்டாள். மாமா பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார்.